வெற்றிலை வைத்து அழைத்த வீடு

கூட்டம் குச்சனூரில், தங்கப்பாண்டியன் வீட்டுக் கூடத்தில் நடந்தது. வந்திருந்தவர்களும் அவர்கள் உட்கார்ந்த இடமும்: டி.வி.க்குக் கீழே பிளாஸ்டிக் நாற்காலியில் குலசாமி கோயில் பூசாரி முத்துராமலிங்கம். அவருக்கு வலப்பக்கம் ஜமுக்காளத்தில் வீட்டுக்காரர் தங்கப்பாண்டியன், பெண்ணின் அப்பா. எதிரே சோபாவில் என் தம்பி சுருளிராஜன், பையனின் அப்பா. அதே சோபாவின் மறுகோடியில் நான். அடுப்படி நிலைப்படியில் மணையைப் போட்டு, பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாகத் தங்கப்பாண்டியனின் அக்கா ராஜாத்தி. பெண் யுவராணி மாடியில் இருந்தாள். பையன் கார்த்திக்ராஜ் கோயம்புத்தூரில் இருந்தான். ஆனால் தம்பியின் சட்டைப்பையில் போன் துடித்துக்கொண்டே இருந்ததால் அவனும் வந்திருந்தான் என்றுதான் கணக்கு.

இதே கூடத்தில் இதற்கு முன்பும் ஒரு கூட்டம் நடந்திருக்கிறது. அப்போது சோபா கிடையாது, கோரைப்பாய்தான். என் அப்பாவும் ராஜாத்தியின் அப்பாவும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். பாயின் ஓரத்தில், அடுப்படிக் கதவுக்குப் பக்கத்தில் எனக்கு இடம். பெண்கள் எல்லோரும் அடுப்படிக்குள். பேச்சின் நடுவே அந்தக் கதவை யாரோ உள்ளேயிருந்து சாத்தினார்கள். விறகடுப்பு, புகை கூடத்துக்கு வருகிறது என்று சாத்துகிறார்கள் போல என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று பேசப்பட்டது என் கல்யாணம். பெண், ராஜாத்தி.

நான் அப்போது போடியில் ஒரு ஏலக்காய்க் கமிஷன் கடையில் கடிதப் போக்குவரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எதிர் மாடியில் ராஜாத்தி டைப்ரைட்டிங் படித்தாள். சாயங்காலம் பஸ் நிலையத்தில் என் ஊரான தேவாரத்துக்குப் போகும் வண்டியும் குச்சனூர் வண்டியும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். எது முதலில் கிளம்பினாலும் மற்றவர் கொஞ்ச நேரம் தனியாக நிற்க வேண்டியிருக்கும். அவ்வளவுதான் எங்களுக்குள் இருந்தது. என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டு என் ஆத்தா பெண் கேட்க ஏற்பாடு செய்தாள்.

கேட்ட மாத்திரத்தில் விஷயம் முடிந்துவிட்டது. இரண்டு வீட்டுக்கும் ஓடைக்கரைக் கருப்புதான் குலசாமி. ஒரே சாமியைக் கும்பிடுகிறவர்கள் பங்காளிகள். பங்காளி வீட்டுப் பெண் தங்கச்சி. "கேக்கவே நாக்கூசலையாப்பா?" என்று ராஜாத்தியின் அப்பா கேட்டார். என் அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். அந்த வைகாசியில் ராஜாத்தியைக் கம்பத்தில் ஒரு திராட்சைத் தோட்டக்காரருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். எனக்கு அப்புறம் ஒன்றும் அமையவில்லை. அமைய வேண்டும் என்று நானும் அலையவில்லை.

இப்போது பேசப்படுவது என் தம்பி மகனுக்கும் ராஜாத்தியின் தம்பி மகளுக்கும். கோயம்புத்தூரில் ஒரே கம்பெனியில் வேலை பார்க்கிறார்கள். எங்களைப் போல ஒரு கூட்டத்தோடு எழுந்து போகிறவர்கள் இல்லை.

போன வருஷம் ஆடியில் கார்த்திக்ராஜ் எனக்குப் போன் செய்தான்.

"பெரியப்பா, நம்ம வீட்டுக்கும் அவுக வீட்டுக்கும் எத்தனை தலைமுறைக்கு முந்தி ஒரே ஆளுன்னு ஒரு சார்ட் போட்டுக் குடுங்க. ஏழெட்டுத் தலைமுறை தாண்டிருச்சுன்னா பேசிப் பாக்கலாம்."

"எத்தனை தாண்டுனாலும் பங்காளி பங்காளிதாண்டா."

"நீங்க போடுங்க. மத்ததை நாங்க பாத்துக்கிடுறோம்."

எனக்கும் பொழுது போக வேண்டியிருந்தது. கடையிலிருந்து நின்றபிறகு தேவாரத்து வீட்டில் என்னோடு பேசுவது மோட்டார் சத்தமும் மலைக்காற்றும்தான். தம்பி உத்தமபாளையத்தில் வீடு கட்டிக்கொண்டு போய்விட்டான். ஓர் ஆழாக்கு அரிசி போட்டால் இரண்டு வேளைக்கு வரும். மீதிப் பகல் முழுக்கச் செத்தவர்களைத் தேடுவது என்று இறங்கினேன்.

முதலில் கடிதம் போட்டேன். வண்டன்மேட்டில் ஏலத்தோட்டத்துக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டவர்கள், குமுளியில் கடை வைத்தவர்கள், திருப்பூர்க்காரர்கள் என்று தெரிந்த அத்தனை பேருக்கும். உங்கள் அப்பா, தாத்தன், பூட்டன், ஓட்டன் பெயர் என்ன, எந்த ஊரில் பெண் எடுத்தார்கள், எங்கே கொடுத்தார்கள் என்று நான்கு கேள்வி. பதில் போடச் சுயவிலாசம் எழுதிய கார்டும் வைத்தேன். பதில் கார்டு ஒன்றுகூட வரவில்லை. வண்டன்மேட்டுக்காரர் போனில் வந்தார். "ஏப்பா அழகுமலை, செத்தவுக பேரையெல்லாம் கேட்டு லெட்டர் போட்டிருக்க. ஒடம்புக்கு நல்லாத்தான இருக்க?" என்று மெதுவாக விசாரித்தார். திருப்பூருக்குப் போட்டது, விலாசதாரர் இல்லை என்று முத்திரை குத்தித் திரும்பி வந்தது.

அப்புறம் நேரில் போனேன். நல்லது கெட்டது நடக்கும் வீடுகளில் வயசானவர்கள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். எல்லோரும் தாத்தன் பெயர்வரை சொன்னார்கள். பூட்டன் பெயரைக் கேட்டால் எச்சில் துப்பப் போனார்கள். ஆனாலும் எங்கள் பக்கம் ஒரு வழக்கம் கைகொடுத்தது. தாத்தன் பெயர் பேரனுக்கு வரும். ஒருவர் விட்ட இடத்தை இன்னொருவர் பெயரை வைத்துப் பிடித்துக்கொள்ளலாம். பழைய காலண்டர் தாள்களின் பின்பக்கத்தை ஒட்டி, இரண்டு வீட்டு வரிசையையும் கீழிருந்து மேலாக எழுதிச் சுவரில் தொங்கவிட்டேன்.

இரண்டு வரிசையும் மேலே போகப் போக ஓரிடத்தில் ஒரே ஆம்பளையில் போய்ச் சேர வேண்டும். சேரவில்லை. குச்சனூர் வீட்டு வரிசை தங்கப்பாண்டி என்று ஒருவரிடம் போய் நின்றது. எங்கள் வரிசை அழகுமலை என்று ஒருவரிடம் நின்றது. அழகுமலை என் பெயர். எங்கள் வீட்டில் ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை அந்தப் பெயர்தான். குச்சனூர் வீட்டில் தேடினால் ஓர் அழகுமலைகூடக் கிடையாது. ஒரு வயிற்றுப் பிள்ளைகளின் வம்சம் என்றால் ஒரு பெயராவது பொதுவில் இருக்காதா?

பொதுவில் இருந்தது ஒரே ஒரு பெண் பெயர். அந்தத் தங்கப்பாண்டிக்குப் பேச்சி என்று ஒரு தங்கை. எங்கோ கட்டிக்கொடுத்தார்கள், இடம் தெரியாது. எங்கள் அழகுமலையின் மனைவி பெயரும் பேச்சி. இந்தப் பக்கம் வீட்டுக்கு ஒரு பேச்சி உண்டு என்பதால் நானும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

தை மாசம் ஒரு காலையில் குச்சனூரிலிருந்து வழக்கம்போல ஆள் வந்தார். மாசி சிவராத்திரிக்குக் குலசாமி கும்பிட அழைக்கப் பித்தளைத் தட்டில் வெற்றிலை, பாக்கு, ஒரு சீப்புப் பழம், ஒரு வட்டு கருப்பட்டி. என் அப்பா காலத்திலும், அவருடைய அப்பா காலத்திலும் வந்த தட்டு. நாங்கள் மூத்த வீடு, அதனால்தான் நமக்கு மட்டும் இந்த மரியாதை என்று சொல்லிச் சொல்லியே வளர்த்தார்கள். தட்டை வாங்கி மேசையில் வைத்துவிட்டு, சுவரில் தொங்கிய வரிசையைப் பார்த்தேன். வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பங்காளிக்கு யாரும் வெற்றிலை வைப்பதில்லை. அவன் சாமிக்கு அவன்தான் வர வேண்டும். வெற்றிலை வைத்து அழைப்பது சம்பந்தி வீட்டை.

இதைத்தான் கூட்டத்தில் சொன்னேன். பெயரை வைத்துப் பார்த்தால், அழகர்மலைப் பக்கமிருந்து பிழைக்க வந்த ஒரு அழகுமலைக்குக் குச்சனூர்ப் பேச்சியைக் கட்டிவைத்து, வீட்டோடு வைத்துக்கொண்டிருக்கிறார்கள். அவன் பொண்டாட்டி வீட்டுச் சாமியைத் தன் சாமியாகக் கும்பிட்டான். அவன் பிள்ளைகள் தேவாரத்துக்குப் போனார்கள். அங்கிருந்து சாமிக்கு வந்து நின்று நின்று, நாளடைவில் பங்காளி என்று ஆகிவிட்டது. நாம் மாமன் மச்சான்.

தம்பி சிரித்தான். "எங்கண்ணனுக்குக் கடையில இருந்து நின்னதுலருந்து வேலையில்ல பாருங்க. தட்டுல வெத்தலையப் பாத்து வம்சத்தைக் கண்டுபிடிச்சிருக்காரு. பெரிய வீடுன்னு மரியாதைக்கு வக்கிற வெத்தலைண்ணே அது!"

"சுருளி, ஒனக்குப் பையன் கல்யாணம் நடக்கணுமா வேண்டாமா?" என்றார் பூசாரி.

"நடக்கணும். ஏழெட்டுத் தலைமுறை தாண்டிருச்சுன்னு சொல்லி நடத்துங்க. பங்காளியே இல்லைன்னா எப்படி? பரிவட்டம் எங்க வீட்டுக்குல்ல கட்டுறீக!"

"நல்லாருக்குப்பா. பொண்ணும் வேணும், பரிவட்டமும் வேணும். பங்காளின்னா பரிவட்டம். மாப்ளைன்னா பொண்ணு. ரெண்டுல ஒண்ணச் சொல்லு."

தங்கப்பாண்டியன் தரையைப் பார்த்தபடி பேசினார். "எனக்குப் புள்ள ஆசைதாண்ணே முக்கியம். ஆனா நாளைக்கு ஊர்ல ஒருத்தன், அண்ணன் தங்கச்சியக் கட்டிவச்சவன்னு எம் முகத்துக்கு நேரா சொல்லிரக் கூடாது. அழகுமலையண்ணன் சொல்றது நாயமாத்தான் படுது. ஆனா சொல்றது அவுக வீட்டு ஆளு. எங்க வீட்டுல யாரு சொன்னா? எங்கப்பா சொன்னதில்ல, தாத்தா சொன்னதில்ல."

"மாப்ளை வீட்டுத் தட்டு" என்றது ஒரு குரல்.

எல்லோரும் அடுப்படிப் பக்கம் திரும்பினோம். ராஜாத்தி கீரையை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"என்னக்கா?"

"அந்தப் பித்தளைத் தட்டு. பரண்ல தனியா இருக்கும். தை பொறந்தா ஆத்தா என்னையத்தான் ஏத்திவிடும், 'மாப்ளை வீட்டுத் தட்டை எடு'ன்னு. அப்பத்தாவும் அப்படித்தான் சொல்லும். புளி போட்டு வெளக்கி வெத்தலைய அடுக்குறது நாங்கதான. ஆம்பளைக வெறுமனே தட்டைத் தூக்கிட்டுப் போனவுக."

"அத ஏன்க்கா அன்னைக்கே சொல்லல?" தங்கப்பாண்டியன் கேட்டுவிட்டார். கேட்ட பிறகுதான், அன்று என்பது எந்த நாள் என்று அவருக்கு உறைத்திருக்க வேண்டும். என் பக்கம் பார்க்காமல் மீசையைத் தடவினார்.

"சொன்னேன். அடுப்படியில நின்னு சத்தமாத்தான் சொன்னேன். பங்காளி வீட்டுக்கு எவனாச்சும் வெத்தலை வப்பானான்னு கேட்டேன். பொட்டச்சிக்கு இம்புட்டு வாயான்னு ஆத்தா கதவைச் சாத்திருச்சு."

நான் அந்த நிலையைப் பார்த்தேன். இப்போது அதில் கதவே இல்லை. கேஸ் அடுப்பு வந்த பிறகு எடுத்துவிட்டிருக்கிறார்கள். கீல் இருந்த இடத்தில் சுண்ணாம்பு பூசிய தழும்பு மட்டும் இருந்தது. மாதக்கணக்கில் ஊர் ஊராகப் போய் நான் தேடியதை, என்னிடமிருந்து ஒரு முழ தூரத்தில் நின்று ஒருத்தி அன்றைக்கே சொல்லியிருக்கிறாள்.

தம்பியின் சட்டைப்பையில் போன் மறுபடி துடித்தது.

பூசாரி தொண்டையைச் செருமினார். "சரி. இது போதும். ஆனா வாய்ப்பேச்சா விட்டா நாளைக்கு வேற வெனை வரும். தேவாரத்து வீட்டு மூத்தவுக எழுதிக் குடுக்கட்டும். நாங்க பொண்ணு வழி வந்தவுக, பங்காளி இல்ல, பரிவட்டத்துக்குப் பாத்தியதை கெடையாதுன்னு. சாட்சின்னு குச்சனூர் வீட்டுல ஒரு ஆளு கையெழுத்துப் போடணும். பங்காளிக கூட்டத்துல நான் படிச்சுக் காட்டிருறேன். அப்புறம் நிச்சயம் வச்சுக்கங்க."

"சாட்சிக் கையெழுத்து நான் போடுறேன்" என்றாள் ராஜாத்தி.

"பொம்பளையாளு போட்டு…"

"சொன்னது பொம்பளையாளுதான?"

பூசாரி தலையை ஆட்டினார். தம்பி என் பக்கம் நகர்ந்து வந்து காதோடு பேசினான். "அண்ணே, யோசிச்சுக்க. வர்ற மாசியில ஒந்தலையில துணி இருக்காது. கோயில் எல்லைக்கல்லுக்கு அங்கிட்டு, வேடிக்கை பாக்க வந்தவுகளோட நிக்கணும். ஒனக்குன்னு இருக்கிறது அது ஒண்ணுதான."

அவன் சொன்னது உண்மை. அப்பா போன பிறகு பரிவட்டம் எனக்குத்தான் கட்டுகிறார்கள். பூசாரி அந்தப் பட்டுத்துணியைத் தண்ணீர் தெளித்து மடித்து, என் நெற்றியில் வைத்து, பின்னால் இழுத்து முடிச்சுப் போட்டு, இரண்டு கையாலும் தலையை ஒருமுறை அமுக்கிவிடுவார். வருஷத்தில் ஒரு நாள் என் தலையில் இன்னொருவர் கை படுவது அன்றைக்குத்தான். அந்தச் சூடு இரண்டு மூன்று நாள் நிற்பது போல இருக்கும்.

சாமியும் போய்விடும். கும்பிட வேண்டாமென்று யாரும் சொல்லப்போவதில்லை. ஆனால் அது பேச்சியின் சாமி. அழகுமலையின் சாமி அழகர்மலைப் பக்கம் எந்தக் கண்மாய்க் கரையில் எந்த மரத்தடியில் இருக்கிறதோ. அந்தப் பக்கம் எனக்கு ஒரு விலாசமும் தெரியாது.

"எழுதிக் குடுக்கிறேன்" என்றேன்.

தம்பி முகத்தைத் திருப்பிக்கொண்டு போனை எடுத்தான். "ஏலே, சரிங்கிறாக. வையி போனை" என்றான். மாடியில் யாரோ ஓடும் சத்தம் கேட்டது. தங்கப்பாண்டியன் எழுந்து வந்து என் கையைப் பிடித்தார். "இனிமே அண்ணேன்னு கூப்பிட ஏலாது போலருக்கே. காப்பி சாப்பிடுங்க மச்சான்!" எல்லோரும் சிரித்தார்கள். ராஜாத்தி கீரையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அன்று சனிக்கிழமை. சனீஸ்வரன் கோயில் கூட்டத்தில் தெரு அடைத்துக் கிடந்தது. எள்விளக்கு வாசனையோடு ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். தம்பி காரை எடுக்கப் போனான். நான் கேட் அருகே நின்றேன். ராஜாத்தி ஒரு பையில் முருங்கைக்காய் கொண்டுவந்து கொடுத்தாள். அவள் தலை முழுதும் நரைத்திருந்தது. வருஷா வருஷம் சிவராத்திரியில் பார்க்கிற முகம்தான். ஆனால் கூட்டத்தில் பார்ப்பது வேறு.

"அண்…" என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள். வேறு ஒன்றும் சொல்லிக் கூப்பிடவில்லை. "நாளைக்குக் கம்பத்துக்குப் போயிருவேன். எழுதுனதும் அங்கன அனுப்புங்க. விலாசம் இருக்குல்ல?"

"வருஷா வருஷம் சாமிக்கு வரச்சொல்லி நாந்தான கார்டு போடுறேன்."

"ஆமா. 'அன்புத் தங்கைக்கு'ன்னு போட்டு வரும்."

கோயிலுக்குப் போகிறவர்களுக்கு வழிவிட்டு இருவரும் கேட்டுக்குள் ஒதுங்கினோம்.

"ஒங்களுக்குக் கேட்டுச்சுன்னுதான் நான் நெனச்சேன்" என்றாள்.

"எது?"

"நான் சொன்னது. கதவுக்கு அங்கிட்டுத்தான ஒக்காந்திருந்தீக. கேட்டும் எந்திரிச்சுப் போயிட்டீகன்னு இத்தனை வருசமா நெனச்சிட்டிருந்தேன்."

"கேக்கல" என்றேன். "பொகைக்குச் சாத்துறாகன்னு நெனச்சேன்."

"பொகையா?"

அவள் என்னைப் பார்த்தாள். உதடு கொஞ்சம் பிரிந்தது. சிரிக்கப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். அதற்குள் தம்பி காரைக் கொண்டுவந்து நிறுத்தி ஹாரன் அடித்தான். அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் காலை கிழக்கு ஜன்னலுக்குப் பக்கத்தில் மேசையைப் போட்டு எழுத உட்கார்ந்தேன். முதலில் மாதிரி ஒன்று, பிறகு நல்ல பிரதி. அனுப்புநர், பெறுநர், பொருள். ஓடைக்கரைக் கருப்பசாமி கோயில் பங்காளிகள் சமூகத்துக்கு, தேவாரம் அழகுமலை எழுதிக்கொடுப்பது. எங்கள் வீடு தங்கள் வம்சத்துப் பேச்சியம்மாளின் வழி வந்தது. நாங்கள் தங்களுக்குப் பங்காளிகள் அல்ல. மாமன் மச்சான் முறை. பரிவட்டத்தின் மீது எனக்கோ எனக்குப் பின் வருவோருக்கோ பாத்தியதை இல்லை. தை மாதம் தாங்கள் வெற்றிலை வைத்து அழைத்தால் வந்து கும்பிட்டுப் போவோம். இதுவரை உள்ளே நின்றதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

இடப்பக்கம் என் கையெழுத்தைப் போட்டேன். வலப்பக்கம் 'சாட்சி' என்று எழுதி, அதன் கீழே அவள் கையெழுத்துக்கு இடம் விட்டு, அடியில் அடைப்புக்குறிக்குள் ராஜாத்தி என்று எழுதினேன். தாளைத் தள்ளிவைத்துப் பார்த்தேன். இரண்டு பெயரும் ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன.

அதோடு வைக்க ஒரு துண்டுச் சீட்டு வேண்டும். 'அன்புத் தங்கை' என்று கை தானாகப் போனது. அந்தத் தாளைக் கிழித்துவிட்டு வேறு தாள் எடுத்தேன். மச்சான் எழுதுவது என்று தொடங்க இந்த வயதில் கை வரவில்லை. கடைசியில் முறை எதுவும் போடாமல் எழுதினேன்.

'ராஜாத்திக்கு. குறியிட்ட இடத்தில் கையெழுத்துப் போட்டு, உள்ளே தபால்தலை ஒட்டி வைத்திருக்கும் உறையில் பூசாரிக்கு அனுப்பவும். அன்று கதவு சாத்தியிருந்தது. எனக்குக் கேட்கவில்லை.'

கடைசி இரண்டு வரியை எடுத்துவிடலாமா என்று யோசித்தேன். நேரில் சொன்னதுதானே. ஆனால் சொன்னது ஹாரன் சத்தத்தில் போய்விட்டது. இருக்கட்டும் என்று விட்டேன்.

கோந்து பாட்டில் காய்ந்து கிடந்தது. அடுப்படிக்குப் போய்க் காலையில் வடித்த சோற்றில் நாலு பருக்கை எடுத்து வந்து, உறையின் மடிப்பில் தேய்த்து ஒட்டினேன். பிரியாமல் இருக்க அகராதியை மேலே வைத்து, காயும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். சுவரில் வரிசை மின்விசிறிக் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. அதில் என் பெயருக்குக் கீழே ஒன்றும் இல்லை; கார்த்திக்ராஜின் பெயர் தம்பிக்குக் கீழே இருந்தது. அவன் பெயருக்குப் பக்கத்தில் ஒரு கோடு இழுத்து யுவராணி என்று பென்சிலால் எழுதினேன். கையெழுத்து பூசாரியிடம் போய்ச் சேர்ந்த பிறகு மையால் எழுதிக்கொள்ளலாம்.

தபால் ஆபீஸில் ஞாயிற்றுக்கிழமை ஆள் இருக்காது. திங்கட்கிழமை திறந்ததும் போய்ப் பதிவுத் தபால் என்று கொடுத்தேன். கவுண்டரில் இருந்த பெண் விலாசத்தைக் கணினியில் தட்டிக்கொண்டே கேட்டாள்.

"கம்பத்துல சொந்தக்காரவுகளா சார்?"

"ஆமா" என்றேன்.

அவள் உறையை எடைபோட்டு, சீட்டை ஒட்டி, முத்திரையை ஓங்கிக் குத்திக் கம்பம் பைக்குள் போட்டாள்.